சளி பிடித்தால் மட்டும் மூச்சிழுப்பு: பல்லடம் பக்கத்துச் சிறுவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

நோயாளி எட்டு வயதுச் சிறுவன், எடை 22 கிலோ. ஊர், பல்லடத்துக்கு மேற்கே விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு கிராமம். அப்பா வீட்டை ஒட்டிய குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கன்வாடிக்குப் போகும் மூன்று வயதுத் தங்கை, அப்பாரு (தாத்தா), ஆத்தா (பாட்டி) எல்லோரும் ஒரே வீடு. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

2023 ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு பதினொரு மணி வாக்கில் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முதலில் தங்கைக்கு மூக்கு ஒழுகியது, அடுத்து இவனுக்கு. இரண்டு நாள் தும்மலும் மூக்கடைப்பும். மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்ததும் வறட்டு இருமல். விளக்கு வைக்கும் நேரத்தில் நெஞ்சில் விசில் சத்தம். உள்ளூர் கிளினிக்கில் ஒரு முறை நெபுலைசர் வைத்து, ஆன்டிபயாடிக் சிரப்பும் இருமல் மருந்தும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தாங்கியது.

கைகளை முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். எந்த வகுப்பு என்று கேட்டால் ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. நிமிடத்துக்கு 44 மூச்சு, நாடித்துடிப்பு 142, ஆக்சிஜன் அளவு 89 சதவீதம். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே வாங்கியது. இரண்டு நுரையீரலிலும், மூச்சை வெளியே விடும்போது நீளமான விசில். காய்ச்சல் என்று சொல்ல ஒன்றுமில்லை, 99.4 டிகிரி. கடுமையான ஆஸ்துமா தாக்குதல் என்று முடிவு செய்ய வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஆக்சிஜன் வைத்து, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வழியாக, மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் ஆறு முறை அழுத்திக் கொடுத்தோம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவையாக ஒரு மணி நேரம். கூடவே குழலை விரிக்கும் இன்னொரு மருந்து, இப்ராட்ரோப்பியம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 30 மில்லிகிராம் வாய்வழியாக. நள்ளிரவு தாண்டியதும் முழு வாக்கியம் பேசினான். பேசிய முதல் வாக்கியம் பசிக்கிறது என்பது. மறுநாள் மாலை ஆக்சிஜனை எடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். பிரெட்னிசலோன் மொத்தம் ஐந்து நாள்.

ஆன்டிபயாடிக்கை முதல் இரவே நிறுத்தினேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் காற்று நிரம்பி விரிந்திருந்ததே தவிர நிமோனியாவுக்கான அடையாளம் இல்லை. அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஊசியும் இல்லாமல் ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் நெஞ்சுச் சளி எப்படிப் போகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் அதுதானே கொடுக்கப்பட்டது.

மூக்கில் எடுத்த மாதிரியை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினோம். எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டியதில்லை, விலையும் அதிகம். இன்ஃபுளுவென்சாவாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு, வீட்டில் வயதானவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அனுப்பினேன். இன்ஃபுளுவென்சா இல்லை, கொரோனா இல்லை, சிறு குழந்தைகளின் நெஞ்சைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸும் இல்லை. ‘ரைனோ/என்டிரோ வைரஸ்’ இருந்தது. இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஆனால் ஜூன் மாதத்தில், மூக்கொழுகலோடு தொடங்கிய இழுப்பில் அது ரைனோ என்று எடுத்துக்கொள்வதில் பெரிய தவறு வராது. சாதாரணச் சளிக்கு உலகெங்கும் முதல் காரணம் இந்த வைரஸ்தான். நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் மூக்கிலும் இது இருக்கும் என்பதால், சோதனை முடிவு மட்டும் எதையும் நிரூபித்துவிடாது.

பைக்குள் இருந்த சீட்டுகள்

சோதனையைவிட அதிகம் சொன்னவை பழைய மருந்துச் சீட்டுகள். அம்மா எதையும் தூக்கிப் போடாதவர். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் சீட்டுகள், ரத்தச் சோதனைத் தாள்கள், மடிந்துபோன எக்ஸ்ரேக்கள் எல்லாம் இருந்தன. வார்டு மேசையில் தேதிவாரியாக அடுக்கினோம். சில சீட்டுகளின் பின்பக்கத்தில் பாவுக் கணக்கும் பால் கணக்கும்கூட இருந்தன.

ஏழாம் மாதத்தில் மூச்சுச் சிறுகுழல் அழற்சி, நான்கு நாள் மருத்துவமனை. இரண்டு வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் என்ற தோல் அழற்சி. மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை ‘சளி, இருமல், வீசிங்’. ஒவ்வொன்றிலும் ஓர் ஆன்டிபயாடிக். நான்கு வயதில் யாரோ ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளிப் பரிசோதனையோ, வீட்டில் காசநோயாளி இருந்ததற்கான குறிப்போ எதுவும் பையில் இல்லை. அடிக்கடி இருமி மெலிந்த குழந்தைக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். கொங்குப் பகுதியும் விலக்கல்ல. இதனிடையே தயிர், மோர், வாழைப்பழம், கொய்யா எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பையன் மெலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எந்தச் சீட்டிலும் ஆஸ்துமா என்று எழுதியிருக்கவில்லை. வீட்டிலும் யாரும் அப்படி நினைக்கவில்லை. அப்பாரு சொன்னார்: “சளி பிடித்தால் மட்டும்தானுங்க இழுக்கிறது. மற்ற நாளில் காடு மேடெல்லாம் ஓடுகிறான். ஆஸ்துமா என்றால் எப்போதும் இருக்க வேண்டாமுங்களா?” இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்த ஆய்வு முழுவதும் நிற்கிறது.

அப்பாவின் கவலை வேறு. பஞ்சுத் தூசியால்தான் வருகிறது, தறியை விற்றுவிட்டு இடம் மாறுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கடன் வாங்கிப் போட்ட தறிகள். விற்றுவிடட்டுமா என்று அவர் கேட்டபோது, பதிலுக்காகச் சீட்டுகளின் தேதிகளை இன்னொரு முறை பார்த்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. தறியும் நின்றது, எல்லாமும் நின்றது, இழுப்பும் இல்லை. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஆண்டு நடுவிலேயே தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. குடோனில் தூசி வழக்கம்போல. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலாக, தறி ஓடியது, பள்ளி இல்லை. அந்தக் காலத்துக்கு ஒரு சீட்டுகூடப் பையில் இல்லை. பள்ளி திறந்த மாதமே ஒரு சீட்டு. அடுத்தது 2022 பிப்ரவரி. அந்த ஆண்டு ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். தறி அசையவில்லை. ஒமிக்ரான் அலைக்காக மூடிய பள்ளிகள் பிப்ரவரி 1 அன்று திறந்தன. இரண்டே வாரத்தில் பையனுக்குச் சளி, அதன் பின்னாலேயே இழுப்பு.

ஒரு வீட்டுக் கணக்கை வைத்துப் பஞ்சுத் தூசிக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஊரடங்கில் முகக்கவசம் இருந்தது, கோயில் விசேஷங்கள் இல்லை, மாமன் மச்சான் வருகை இல்லை. ஆனாலும் தாக்குதலைத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை ஆய்வகம் தந்திருக்காது. 2020-இல் பல நாடுகளிலும் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் கண்கூடாகக் குறைந்தார்கள். கொரோனா வந்தால் ஆஸ்துமாக் குழந்தைகள்தான் முதலில் விழுவார்கள் என்று அப்போது நாங்கள் பயந்தோம். நடந்தது அதற்கு நேர்மாறு.

வைரஸ் அங்கே என்ன செய்கிறது

1995-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பகுதியில் 9 முதல் 11 வயதுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். இழுப்போ, ஊதும் மூச்சின் வேகக் குறைவோ ஏற்பட்ட வேளைகளில் 80 முதல் 85 சதவீதம் வைரஸ் கிடைத்தது. அவற்றில் பெரும்பங்கு ரைனோ வகை. அதற்கு முன்பு வைரஸை வளர்த்துப் பார்க்கும் முறைதான் இருந்தது. ரைனோ அதில் எளிதில் சிக்காது. பிசிஆர் வந்த பிறகே அதன் பங்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. சி வகை ரைனோ வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 2006-இல். இந்த வகைதான் குழந்தைகளின் கடும் இழுப்போடு அதிகம் சேர்ந்து வருகிறது. மொத்தம் 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் இருப்பதால் இன்றுவரை தடுப்பூசி இல்லை.

அதே வைரஸ் தங்கைக்கும் வந்தது, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வந்திருக்கும். அவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விட்டார்கள். இவனுக்கு மட்டும் ஏன் ஆக்சிஜன் வரை போனது?

காரணம், வைரஸ் இறங்கிய இடத்தின் நிலை. இவனுடைய மூச்சுக்குழலின் உட்பூச்சு சளி பிடிக்காத நாளிலும் அழற்சியோடுதான் இருக்கிறது. அணைந்ததாகத் தோன்றும் அடுப்பில் சாம்பலுக்குள் கங்கு இருப்பதைப் போல, வெளியில் ஒன்றும் தெரியாது. ஆரோக்கியமான செல் வைரஸ் நுழைந்தவுடன் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கும். வைரஸ் அதிகம் பெருகாமல் அடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல் செல்களில் இந்தச் சுரப்பு குறைவாகவும் தாமதமாகவும் இருக்கிறது என்று 2005-லிருந்து பல ஆய்வகங்கள் காட்டின. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிபட்ட செல்கள் ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அவை அலர்ஜிக்குரிய எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் குவிகின்றன, சளி கெட்டியாகிறது, குழலைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. இந்தப் பையனின் ரத்தத்தில், ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் எடுத்த மாதிரியில், ஈசினோஃபில் 620, வழக்கத்தைவிட அதிகம். ஒரு மாதம் கழித்துச் செய்த தோல் சோதனையில் வீட்டுத் தூசிச் சிற்றுண்ணிக்கும் கரப்பான் பூச்சிக்கும் தடித்தது.

அலர்ஜியும் வைரஸும் கூட்டாளிகள் என்பதற்கு மான்செஸ்டரில் செய்த ஆய்வு ஒன்று நல்ல சான்று. 2006-இல் வந்தது. அலர்ஜி மட்டும் இருந்தாலோ வைரஸ் மட்டும் இருந்தாலோ கூடும் ஆபத்தைவிட, தனக்கு ஒவ்வாத பொருள் வீட்டில் நிறைய இருந்து, அந்த நேரத்தில் வைரஸும் பிடித்த குழந்தைகள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை முடக்கும் ஒமாலிசுமாப் என்ற ஊசி, அமெரிக்க நகரக் குழந்தைகளிடம், பள்ளி திறந்ததும் வரும் இலையுதிர்காலத் தாக்குதல்களைக் குறைத்தது என்று 2011-இல் வெளியானதும் இதையே காட்டுகிறது. வைரஸைத் தொடாத மருந்து, வைரஸ் தூண்டும் தாக்குதலைத் தடுத்தது.

அங்கே பள்ளி திறப்பது செப்டம்பரில், இங்கே ஜூனில். அத்தோடு பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலோடு நுழையும் காலமும் இதுவே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில், இழுப்புக்குக் காற்றைக் குற்றம் சொல்வது இயல்பு. முழுக்கப் பொய்யும் இல்லை. ரைனோ வைரஸ் மூக்கின் குளிர்ந்த வெப்பநிலையில், 33 டிகிரி செல்சியஸ் அளவில், நன்றாகப் பெருகும். ஆனால் காற்றுக்குக் காதை மூடும் ஆத்தா, தும்மும் பேத்தியையும் பேரனையும் ஒரே போர்வைக்குள் படுக்க வைத்திருந்தார்.

சிகிச்சையும் அதற்கு வந்த எதிர்ப்பும்

நான்கு வாரம் கழித்து ஸ்பைரோமெட்ரி, ஊதும் மூச்சை அளக்கும் சோதனை. அப்பாருவின் கணக்குப்படி அது ‘மற்ற நாள்’. சளி இல்லை, இருமல் இல்லை. முதல் நொடியில் ஊதிய காற்று எதிர்பார்ப்பில் 81 சதவீதம். சால்பியூட்டமால் கொடுத்த பிறகு 95. சளி இல்லாத நாளிலும் குழல் சுருங்கித்தான் இருந்தது. கணினித் திரையில் இரண்டு வளைவுகளையும் அவருக்கே காட்டினேன். அதே வாரம் அம்மா தயக்கத்தோடு சொன்னார், பையனின் அத்தைக்கும் சின்ன வயதிலிருந்து இன்ஹேலர் உண்டு என்று. கல்யாணப் பேச்சின்போது மறைத்தது அப்படியே பழகிவிட்டது.

தினமும் இருவேளை பியூடெசோனைட் 100 மைக்ரோகிராம், ஸ்பேசர் வழியாக. இழுப்பு வந்தால் சால்பியூட்டமால். மூச்சுக்குள் போகும் ஸ்டீராய்டு என்றதும் வழக்கமான பயங்கள்: பழகிவிடும், வளர்ச்சி நின்றுவிடும். வளர்ச்சியைப் பற்றி எண்ணோடு சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், பியூடெசோனைட் எடுத்தவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டை. அதைக் கேட்டுவிட்டு அப்பா, ஆக்சிஜன் வைத்த இரவை நினைத்தால் அது ஒரு கணக்கா என்றார்.

சளி பிடிக்கும்போது மட்டும் இன்ஹேலரைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. நியாயமாகத் தோன்றும் யோசனைதான். 5 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் அறிகுறி தொடங்கியதும் அளவை ஐந்து மடங்காக்கிப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. கடும் தாக்குதல்கள் குறையவில்லை. மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு ஓடுவதில் பயன் குறைவு. சளி இல்லாத நாளில் எடுத்த மருந்துதான் சளி நாளில் காக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கும் அதே கதி. இங்கிலாந்தில் அசித்ரோமைசினைத் தாக்குதலின்போது கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் பலனில்லை என்றது. அதில் வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கு ஒருவரைச் சேர்ப்பதற்குள் பத்துப் பேருக்கு மேல் விலக்க வேண்டியிருந்தது, ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. நம் ஊர் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தைவிட அதைக் கொடுக்கும் விதத்துக்கே அதிக நேரம் போனது. ஆத்தாதான் காலையில் கொடுப்பவர். குலுக்காமல் பொருத்தினார், ஸ்பேசரைப் பையனின் உதட்டுக்கு ஒரு விரல்கடைத் தள்ளிப் பிடித்தார், இரண்டு முறை தொடர்ந்து அழுத்தினார். திருத்திக் காட்டினேன்: நன்றாகக் குலுக்கு, உதடு மூடிக் கவ்வட்டும், ஒரு முறை மட்டும் அழுத்து, வால்வு டக் டக்கென்று ஐந்து முறை அசையும் வரை மூச்சு விடட்டும், அரை நிமிடம் கழித்து அடுத்தது, முடிந்ததும் வாய் கொப்பளி. அந்த டக் சத்தம் ஆத்தாவுக்குப் பிடித்துவிட்டது. அதன் பிறகு தவறவில்லை. மாமன் ஊரில் ஸ்பேசரை மறந்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு இறுக்கமாகச் செருகினால் அவசரத்துக்குப் போதும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இலேயே அதைச் சோதித்திருக்கிறார்கள்.

தறியை விற்கச் சொல்லவில்லை. குடோனுக்கும் வீட்டுக்கும் இடையே திறந்தே கிடந்த வழிக்குக் கதவு போடச் சொன்னேன். தார் (ஊடை நூல்) சுற்றும் இயந்திரம் பையனின் கட்டிலுக்கு அருகே இருந்தது, அது குடோனுக்குள் போனது. இலவம்பஞ்சு மெத்தைக்குப் பதில் வெயிலில் உலர்த்தும் ஜமுக்காளம். தயிரும் வாழைப்பழமும் திரும்ப வந்தன. மழைக்காலத்துக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி. அது ரைனோவைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், இல்லாவிட்டால் அடுத்த சளியில் ஊசி மீதும் நம்பிக்கை போய்விடும்.

பின்தொடர்தல்

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு சளி வந்தது. நான்கு நாள் இருமல், மூன்று தடவை சால்பியூட்டமால், பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு, அவ்வளவுதான். ஜனவரியில் இன்னொன்று, அதற்கு இன்ஹேலரைக் கூட்டவே தேவைப்படவில்லை. ஏப்ரலில் பையன் நன்றாக இருக்கிறான் என்று வீட்டிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். கோடை விடுமுறை அமைதியாகப் போனது. போகத்தான் செய்யும், சளி பரப்ப வகுப்பறை இல்லையே. 2024 ஜூனில் பள்ளி திறந்து பதினைந்து நாளுக்குள் இரவு இருமலோடு வந்தார்கள். ஆக்சிஜன் 95, வார்டில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் பிரெட்னிசலோன், பியூடெசோனைட் மறுபடியும். இந்த முறை யாரும் ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. மருந்தைக் குறைப்பதென்றால் என்னிடம் கேட்டு, அதையும் ஆடி தாண்டிய பிறகே பேசுவது என்று முடிவாயிற்று.

இப்போது கேள்வி தங்கையைப் பற்றியது. சளியோடு அவளுக்கும் இரண்டு முறை லேசாக விசில் கேட்டிருக்கிறது. அவளுக்கும் இப்போதே தொடங்கிவிடலாமா என்றார் அம்மா.

அமெரிக்காவின் மேடிசன் நகரில், ஆஸ்துமா அல்லது அலர்ஜி உள்ள பெற்றோரின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில், முதல் மூன்று ஆண்டுகளில் ரைனோவோடு இழுப்பு வந்த குழந்தைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு பத்து மடங்கை நெருங்கியது. ஆர்எஸ்வி-யோடு வந்தவர்களுக்கு அது இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இதைப் பார்த்து வைரஸ்தான் ஆஸ்துமாவை உண்டாக்குகிறது என்று சொல்லத் தோன்றும். ஏற்கெனவே பலவீனமான மூச்சுக்குழலை வைரஸ் முதலில் காட்டிக்கொடுக்கிறது என்றும் சொல்லலாம். நெதர்லாந்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆர்எஸ்வி எதிர்ப்பு ஊசி கொடுத்துப் பார்த்தார்கள்: முதல் ஆண்டில் இழுப்பு நாள்கள் நன்றாகக் குறைந்தன, ஆறு வயதில் நுரையீரல் திறனில் வேறுபாடு இல்லை. நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ரைனோவைப் பொறுத்தவரை இரண்டும் கலந்திருக்கக்கூடும்.

தங்கைக்குக் கரப்பான் இல்லை, சளி இல்லாத நாளில் இருமல் இல்லை, ஓடினால் மூச்சு வாங்குவதில்லை. எனவே தினசரி மருந்தும் இல்லை, நோயின் பெயரும் இப்போதைக்கு இல்லை. முகமூடி வைத்த ஸ்பேசரும் சால்பியூட்டமாலும் வீட்டில் இருக்கட்டும். விசில் கேட்டால் செல்போனில் பதிவு செய்து, தேதியோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகக் கொண்டுவந்த பதிவில் கேட்டது மூக்கடைப்புச் சத்தம் மட்டுமே.